மீன் முட்டை பொரியவில்லையா? முதலில் தீவனத்தை முகர்ந்து பாருங்கள்

ஏஞ்சல் மீன் ஜோடி மூன்று முறை முட்டையிட்டது. ஒன்றுவிடாமல் வெளுத்துப் போயின. எந்த வைட்டமின் கொடுக்கலாம்? (சேலம்)

ஒரு ஆண் மீன் கொடுங்கள். ஏஞ்சலில் இரண்டு பெட்டைகள் ஜோடி சேர்ந்து, இலையைச் சுத்தம் செய்து முட்டையிடுவது சகஜம். முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் நீளும் குழாயைப் பாருங்கள். தடித்து மொட்டையாக இருந்தால் பெட்டை. மெலிந்து கூராக இருந்தால் ஆண்.

குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டு மருந்தைத் தொட்டியில் விடலாமா? (தாம்பரம்)

வேண்டாம். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது சொற்பம். சொட்டு மருந்தின் இனிப்பு தண்ணீரைத்தான் கெடுக்கும்.

விலை உயர்ந்த பெல்லட்தான் (குருணைத் தீவனம்) போடுகிறேன். ஆனாலும் கோல்ட் ஃபிஷ் முட்டையில் பாதி பொரிவதில்லை, பொரிந்த குஞ்சுகளில் சில முதுகு வளைந்திருக்கின்றன. (மதுரை)

விலையை எழுதினீர்கள், சரி. எப்போது, எப்படி வாங்கினீர்கள்? டப்பாவாகவா, கடையில் தொங்கும் பாக்கெட்டாகவா? நூறு முறை எழுதிவிட்டேன். பெரிய மூட்டையைப் பிரித்துக் கண்ணாடிக் கவரில் கட்டி, வாசலில் வெயில் படத் தொங்கவிடுகிறார்கள். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சியைத் தம் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது, தீவனத்தில் வந்தால்தான் உண்டு. அதுவோ சூடும் காற்றும் பட்டால் போய்விடும். குறைந்தால் முட்டையின் தரம் கெடும், குஞ்சின் முதுகெலும்பு வளையும். தீவனத்தின் கொழுப்பு கெடும்போது வைட்டமின் ஈயும் கூடவே அழியும். போன கோடையில் நானே அவசரத்துக்கு அப்படி ஒரு பாக்கெட் வாங்கினேன். பிரித்ததும் வடை சுட்ட பழைய எண்ணெய் வாடை! அப்படியே குப்பையில் போட்டேன். ஒரு மாதத்தில் தீர்கிற அளவே வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வளைந்த குஞ்சுகளை வளர்த்து இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம்.

கப்பி மீன் குட்டி போடவில்லை. என்ன தீவனம்? (ஊர் இல்லை)

ஊர் மட்டுமா இல்லை? வயது, ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, எதுவும் இல்லை. எனக்கு ஜோசியம் வராது. திரும்ப எழுதுங்கள்.

ஃபைட்டர் மீனை இணை சேர்க்குமுன் புழு போடலாமா? (கோவை)

இரண்டு வாரம், தினம் இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், நோயும் சேர்ந்தே வரும். கொசுப்புழு அருமையான தீனி. மிஞ்சியதை அன்றே வடிகட்டிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டொரு நாளில் ராத்திரி காதருகே வந்து பாடும். நடுவில் பெல்லட்டும் போடுவீர்களானால், அதையும் முகர்ந்துவிட்டே போடுங்கள்.