படத்தில் உயரம், பெட்டியில் தட்டை: பர்கர் விளம்பரங்கள் பற்றிய கேள்வி பதில்

சென்னையில் பதினோரு வருடமாக ஃபுட் ஸ்டைலிஸ்டாக வேலை பார்க்கிறேன். விளம்பரத்துக்காகச் சாப்பாட்டை கேமரா முன்னால் அடுக்கி, அழகுபடுத்துவதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவி: படத்தில் பர்கர் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது. பெட்டியைத் திறந்தால் யாரோ மேலே உட்கார்ந்து எழுந்தது போல இருக்கிறது. படத்துக்கென்று வேறு பர்கர் செய்கிறார்களா?

பொருட்கள் பெரும்பாலும் அதே பொருட்கள்தான். அடுக்கும் விதம் வேறு. இதே கேள்வியை 2012-ல் டொரன்டோவில் ஒரு பெண் மெக்டொனால்ட்ஸ் கனடாவிடம் கேட்டார். நிறுவனமே ஒரு வீடியோ போட்டுப் பதில் சொன்னது. கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் பவுண்டர் பர்கர் வாங்கி, ஸ்டுடியோவுக்கு எடுத்துவந்து, விளம்பரத்துக்குத் தயாரான பர்கருக்குப் பக்கத்தில் வைத்தே காட்டினார்கள். கடையில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை, அங்கே பல மணி நேரம் நடந்தது. ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம் எல்லாவற்றையும் கேமரா பக்கத்து விளிம்புக்கு இழுத்து வைத்தார்கள். சீஸைச் சூடான கத்தியால் தொட்டு, வழிய வேண்டிய இடத்தில் மட்டும் வழியவிட்டார்கள். கெட்சப், கடுகு சாஸ் இரண்டையும் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வைத்தார்கள். கடைசியில் கம்ப்யூட்டரில் கொஞ்சம் திருத்தம்.

அந்த பர்கரைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். நானும் அப்படித்தான் அடுக்குகிறேன். கடையில் வட்டம் முழுக்கப் பரவி, உள்ளே மறைந்திருக்கும் பொருள் மொத்தமும் படத்தில் ஒரே பக்கமாகத் தெரிகிறது. கடை பர்கரைச் சூடாகப் பெட்டியில் போட்டு மூடுவதால் ஆவியில் பன் நனைந்து சுருங்குவதும் உண்டு. கேமராவும் பர்கரின் மட்டத்துக்கே இறங்கி நிற்கும். நீங்களோ மேலிருந்து குனிந்து பார்க்கிறீர்கள்.

ஆனால் "அதே பொருள்தானே" என்று நிறுவனங்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை. பார்க்கிறவர் மனதில் பதிவது வெங்காயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

திருச்சி: பான்கேக்கில் சிரப்புக்குப் பதில் என்ஜின் ஆயில், பாலுக்குப் பதில் பசை, ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். உண்மையா?

இவையெல்லாம் உண்மையில் புழங்கிய வித்தைகள்தான். இன்றைக்கும் சில நடக்கின்றன. குளிர்பானக் கிளாஸில் பூத்திருக்கும் நீர்த்துளி பல சமயம் கிளிசரின். ஐஸ் கட்டி அக்ரிலிக்காக இருக்கலாம். ஆனால் தொழிலில் ஒரு கோடு உண்டு: எதை விற்கிறோமோ அது அசலாக இருக்க வேண்டும். கார்ன்ஃப்ளேக்ஸ் விற்கிறோம் என்றால் ஃப்ளேக்ஸ் நிஜம், பால் பசையாக இருக்கலாம். ஐஸ்கிரீமை விற்கிற படத்தில் உருளைக்கிழங்கை வைக்க முடியாது.

ஆனால் இந்தக் கோடு மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1960-களின் கடைசியில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டார்கள். மூழ்கிக் கிடக்க வேண்டிய காய்கறியெல்லாம் கோலியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, சூப் நிறைய காய் இருப்பது போலத் தெரிந்தது. காயும் நிஜம், சூப்பும் நிஜம், ஆனாலும் ஏமாற்று. அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1970-ல் அதை நிறுத்த வைத்தது. மேலே சொன்ன காலியான பின்பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோலிதான் ஞாபகம் வருகிறது.

கோவை: படிப்புக்கு நடுவே ஒரு பர்கர் கடை கிச்சனில் வேலை பார்க்கிறேன். கஸ்டமர்கள் போனில் விளம்பரத்தைக் காட்டித் திட்டுகிறார்கள். நாங்கள் சரியாகச் செய்யவில்லையா?

தம்பி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் முப்பது நாற்பது பன்களைப் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். எள் உதிர்ந்த இடத்தில் இடுக்கியால் எள்ளை ஒட்டுவேன். உங்களுக்கு முன்னால் வரிசையில் பன்னிரண்டு ஆர்டர் நிற்கும். அந்தப் படத்தைப் போலச் செய்து கொடுப்பது யாராலும் ஆகாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கோபத்தை விளம்பரம் கொடுத்தவர்களிடம் காட்டுங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

சிங்கப்பூர்: குவார்ட்டர் பவுண்ட் என்று போட்டிருந்தார்கள். இறைச்சியை எடைபோட்டுப் பார்த்தேன், 113 கிராம் இல்லை.

அது சமைப்பதற்கு முந்தைய எடை. சூட்டில் புரதம் இறுகி நீரைத் தள்ளிவிடும், கொழுப்பு உருகி ஓடிவிடும். கிட்டத்தட்ட கால் பங்கு குறைவது சகஜம். அதனால்தான் படப்பிடிப்பில் இறைச்சியை மேலாக மட்டும் வாட்டி, உள்ளே வேகாமலே விட்டுவிடும் பழக்கம் உண்டு. சுருங்காது, குண்டாக நிற்கும். எனக்குப் பிடிக்காத வித்தை இது.

சேலம்: யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா?

பிரிட்டனில் 2010-ல் பர்கர் கிங்கின் சிக்கன் பர்கர் விளம்பரம் ஒன்றின் மேல் புகார் போனது. விளம்பரத் தர ஆணையம் கடையிலிருந்து மூன்று பர்கர் வாங்கி ஒப்பிட்டது. உயரம் நன்றாகவே குறைவு. விளம்பரத்துக்குத் தடை விழுந்தது. எவ்வளவு எளிமையான சோதனை பாருங்கள்!

அமெரிக்காவில் இழுபறிதான். பர்கர் கிங்கின் வாப்பர் என்ற பர்கர் நிஜத்தைவிட 35 சதவீதம் பெரிதாகக் காட்டப்படுவதாக 2022-ல் போட்ட வழக்கை முழுசாகத் தள்ளுபடி செய்ய, 2023-ல் ஃப்ளோரிடா நீதிபதி மறுத்துவிட்டார். அதே ஆண்டில் மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ் மேல் நியூயார்க்கில் நடந்த இதே மாதிரி வழக்கு தள்ளுபடியானது. எடையையும் கலோரியையும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களே என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

தஞ்சாவூர்: நம் நாட்டில்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "தவறாக வழிநடத்தும் விளம்பரம்" என்பதன் விளக்கத்திலேயே பொருளின் அளவும் வருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். ஓரத்தில் பொடி எழுத்தில் "கற்பனைச் சித்திரிப்பு" என்று போடுவார்களே, அந்த மாதிரிக் குறிப்பு விளம்பரத்தின் முக்கியச் செய்திக்கு முரணாக இருக்கக்கூடாது என்று 2022 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அதற்கு முன், வாங்கியதைப் பெட்டியோடும் பில்லோடும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எடைபோட முடிந்தால் இன்னும் நல்லது.

நாகர்கோவில்: சின்ன ஹோட்டல் வைத்திருக்கிறேன். டெலிவரி ஆப்பில் போட இணையத்திலிருந்து பிரியாணி படம் எடுத்தேன். பரவாயில்லையா?

வேண்டாம் அண்ணே, உடனே எடுத்துவிடுங்கள். அது இன்னொருவருடைய படம், இன்னொருவருடைய பிரியாணி. உங்கள் போனே போதும். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாமல், பார்சலில் போடுகிற அதே அளவைத் தட்டில் வையுங்கள். பிரியாணியை மேலிருந்து எடுங்கள், பர்கர் என்றால் பக்கவாட்டில். ஆவி போவதற்குள் எடுத்துவிடுங்கள். லெக் பீஸை மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைப்பது தப்பில்லை. ஆனால் ஒரு பீஸ்தான் தருகிறீர்கள் என்றால் படத்திலும் ஒரு பீஸ்தான். எத்தனை கிராம் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.