கைரோ விலகுகிறதா? சிப்பை மாற்றும் முன்

ஓசூரில் ட்ரோன் போர்டு செய்கிறீர்கள், மேசையில் அசையாமல் வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் கைரோ (போர்டு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் சென்சார் சிப்) காட்டும் அளவு விலகிப் போகிறது, ராணுவத் தர சிப் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் காசை இறைக்காதீர்கள்.

அந்தச் சிப்புக்குள் சிலிக்கானில் செதுக்கிய ஒரு துளி எடை அதிர்ந்துகொண்டே இருக்கும். போர்டு திரும்பினால் கொரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். சீப்புப் பற்கள் மாதிரியான தகடுகளுக்கு நடுவே உள்ள சில மைக்ரான் இடைவெளி மாறுவதைத்தான் மின்தேக்குத் திறனாக (தகடுகள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் அளவாக) அளக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் சூடும் அழுத்தமும் சும்மா விடுமா?

நீங்கள் போட்ட படத்தில் மின்னழுத்தத்தைச் சீராக்கும்போது சூடாகும் வோல்டேஜ் ரெகுலேட்டர், கைரோ சிப்பை ஒட்டியே இருக்கிறது. போர்டை அழுத்தும் மூலை ஸ்க்ரூவும் பக்கத்திலேயே. முதலில் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள். அப்புறம் காலைக் குளிரில் ஆன் செய்து, சிப்பே தரும் வெப்பநிலையையும் கைரோ அளவையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் மென்பொருளில் வெப்பத்துக்கு ஏற்ப அளவைத் திருத்தினாலே போதும். ரெகுலேட்டரைத் தள்ளி வைப்பது அடுத்த போர்டில்.

ராணுவத் தரம் வேறு கதை. பீரங்கிக் குண்டுக்குள் போகும் சென்சார், சுடும் நொடியில் புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்குக்கு மேல் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். உங்கள் ட்ரோனுக்கு அது எதற்கு? வெளிநாட்டுச் சிப் என்றால் ஏற்றுமதி அனுமதித் தொல்லை வேறு.

சொந்தமாகச் சிப் செய்யும் ஆசை இருந்தால், பக்கத்திலேயே பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் கழகம்) நானோ மையத்தில் தூசியில்லாமல் சிப் செய்யும் சுத்த அறை இருக்கிறது, விசாரியுங்கள். இப்போதைக்கு அந்த வெப்பநிலை, கைரோ அளவு கிராஃபைப் போடுங்கள், பார்க்கலாம்.