படி உயர்ந்துவிட்டதா, கால் தளர்ந்துவிட்டதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். இடது காலில் வலி அதிகம். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டாக ஒரு விநோதம். கட்டிய நாளிலிருந்து ஏறி இறங்கும் எங்கள் வீட்டு மாடிப்படி இப்போது செங்குத்தாகத் தெரிகிறது. டவுன் பஸ்ஸின் முதல் படி மிக உயரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. தெருமுனைப் பால் பூத் கூடத் தள்ளிப் போய்விட்டதுபோல் இருக்கிறது. கண் மருத்துவர், "புரை இப்போதுதான் ஆரம்பம், அறுவை சிகிச்சை வேண்டாம்" என்று சொல்லிப் புதுக் கண்ணாடி மட்டும் எழுதிக் கொடுத்தார். என் மகனோ, "எல்லாம் மனப்பிரமை அம்மா" என்கிறான். இது கண் கோளாறா, மூளைக் கோளாறா, மனக் கோளாறா? பழனிக்குப் படியேறி வருவதாக ஒரு வேண்டுதல் வேறு இருக்கிறது. ஏறலாமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் மூன்றுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். முழங்கால் வலியோடு வருகிறவர்கள் பலர் இதையே வேறு வேறு விதமாகச் சொல்வார்கள். "ஆஸ்பத்திரி வராந்தா நீண்டுகொண்டே போகிறது டாக்டர்" என்பார் ஒருவர். "இந்தக் கட்டிலை யார் உயரமாக்கினார்கள்?" என்று நர்ஸிடம் சண்டை போடுவார் இன்னொருவர். இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், சுவாரசியம் குறைந்த சில காரணங்களை விலக்கிவிட வேண்டும். அவை இருந்தால் விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை, நீங்கள் விழுந்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் 'புதுக் கண்ணாடி' என்ற இடத்தில்தான் நான் முதலில் நின்றேன். அது பைஃபோக்கலா, புரோகிரெசிவா? இரண்டிலுமே கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கும் தூரத்துக்காகச் செய்யப்பட்டது. படி இறங்கும்போது நாம் விழியை மட்டும் தாழ்த்திப் பார்க்கிறோம். அப்போது படி தெரிவது அந்தக் கீழ்ப்பகுதி வழியாக. விளிம்பு மங்கும், படி சற்றுப் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். இத்தகைய கண்ணாடி அணியும் முதியவர்களுக்குப் படியின் விளிம்பையும் ஆழத்தையும் கணிப்பது கடினமாகிறது, அவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். உங்களுக்கு இந்தத் தொல்லை கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். முன்பே இருந்தது என்றால் கண்ணாடி முழுக் குற்றவாளி ஆகாது. எப்படியானாலும் படியில் இறங்கும்போது தலையையே குனிந்து, மேற்பகுதி வழியாகப் பாருங்கள்.

அடுத்தது புரை. ஆரம்பப் புரையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம். ஆனால் சாம்பல் நிறச் சிமென்ட் படியில் ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியாது. ஒரு கண்ணில் புரை கூடுதலாகவும் மறு கண்ணில் குறைவாகவும் இருந்தால் ஆழம் கணிக்கும் திறனும் குறையும். இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், இடுப்பு எலும்பு முறிவு அறுவை சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, பாதம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போகும். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாதபோது படி நம்மை மிரட்டத் தொடங்கும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும். அதுவும் இதே நரம்புகளைத்தான் தாக்கும். மெல்லிய நைலான் இழையையும் இசைக்கவையையும் வைத்து உங்கள் மருத்துவர் சில நிமிடங்களில் பாதத்தைப் பரிசோதித்துவிடுவார். பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் படி உயரமாகத்தான் தெரியும் என்பது என் ஊகம். உங்கள் மகனிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து ஒரு படியை அளக்கச் சொல்லுங்கள். வழக்கமான வீட்டுப் படி 15 முதல் 18 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். படி மாறவில்லை என்று நாடா சொல்லும். உங்கள் கண்ணும் அநேகமாக மாறியிருக்காது. மாறியிருப்பது, அந்தப் படியில் உங்களை ஏற்றிவிட வேண்டிய தொடைத் தசை.

சரிவுகளைப் பார்க்கும்போது எல்லோருமே மிகைப்படுத்துகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் புராஃபிட் என்ற உளவியலாளர், குன்றுகளின் அடிவாரத்தில் ஆட்களை நிறுத்திச் சரிவு எத்தனை டிகிரி என்று கேட்டார். 1995இல் வெளியான அந்த ஆய்வில் 5 டிகிரிச் சரிவை ஏறக்குறைய 20 டிகிரி என்றார்கள். 10 டிகிரியை 30 என்றார்கள். இவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். 1999இல் அவரும் முகுல் பல்லாவும் இதை மேலே கொண்டு போனார்கள். முதுகில் கனமான பையைச் சுமந்தவர்கள், நீண்ட ஓட்டம் ஓடிக் களைத்தவர்கள், உடல்தகுதி குறைந்தவர்கள், உடல்நலம் குன்றிய முதியவர்கள் ஆகியோர் அதே குன்றை இன்னும் செங்குத்தாக மதிப்பிட்டார்கள். பிறகு ஜெசிக்கா விட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், இடுப்பிலும் காலிலும் நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் தூரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். வலி இல்லாதவர்கள் சொன்னதைவிட அவர்கள் சொன்ன தூரம் அதிகம். 2009இல் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது உங்கள் பால் பூத்துக்கு அங்கே நிறைய உறவினர்கள் இருப்பது தெரிந்தது.

மூளை ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? பார்வை என்பது படம் பிடிக்கும் வேலை என்று பள்ளியில் படித்ததைச் சற்று ஒதுக்கி வையுங்கள். கண் இருப்பதே உடலை நடத்துவதற்காகத்தான். 1963இல் ஹெல்ட், ஹெய்ன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாகச் சுழலும் ஒரு ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றும். மற்றொன்று தொட்டிலில் உட்கார்ந்தபடி சுற்றிவரும். இரண்டின் கண்ணிலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான் விழுந்தது. ஆனால் நடந்த குட்டி ஆழத்தைக் கண்டு ஒதுங்கக் கற்றது. சவாரி செய்த குட்டிக்கு அது வரவில்லை. அதையும் வெளிச்சத்தில் ஓடியாட விட்ட பிறகு சில நாளில் சரியாகிவிட்டது. கடைசியில் சொன்னதை நினைவில் வையுங்கள், உங்களுக்கு அதுதான் முக்கியம்.

படிகளைப் பற்றியே நேரடியான ஆய்வுகளும் உண்டு. கையை ஊன்றாமல் எந்த உயரம் வரை ஏற முடியும் என்பதை மக்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார்கள் என்று வில்லியம் வாரன் 1984இல் கண்டார். குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும் எல்லை வேறு. ஆனால் அவரவர் கால் நீளத்தோடு ஒப்பிட்டால் இருவருக்கும் ஒரே விகிதம், சுமார் 0.88. பிறகு முதியவர்களிடம் பார்த்தபோது கால் நீளம் மட்டும் போதவில்லை. தசை வலிமையும் மூட்டு மடங்கும் அளவும் அந்த எல்லையைத் தீர்மானித்தன. பஸ் படியைப் பார்த்து உங்கள் கண் தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கத்தில் உங்கள் முழங்காலைப் பற்றிய ஓர் உண்மையான கணக்கு இருக்கிறது. இதைப் பிரமை என்று தள்ளிவிட முடியாது. மகனிடம் இதைப் படித்துக் காட்டலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த ஆய்வுகள் மீது கடுமையான சண்டை நடந்துவருகிறது. ஃபிராங்க் டர்ஜின் என்பவரும் அவருடைய குழுவும் 2009இல் அந்த முதுகுப்பைச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். பையில் தசையை அளக்கும் கருவி இருக்கிறது என்று ஒரு பிரிவினரிடம் காரணம் சொன்னார்கள். அவர்களுக்குக் குன்று செங்குத்தாகவில்லை! பையை மாட்டிவிட்டதுமே, ஆய்வாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்று மாணவர்கள் ஊகித்து அதற்கேற்பப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பது டர்ஜினின் வாதம். மாறுவது பார்வையே இல்லை, பார்த்த பிறகு நாம் எடுக்கும் முடிவுதான் என்று ஃபயர்ஸ்டோன், ஷோல் என்ற இருவர் 2016இல் விரிவாக எழுதினார்கள். முதுகுப்பை விஷயத்தில் நான் டர்ஜின் பக்கம். ஆனால் ஓராண்டாக வலியோடு வாழும் ஒருவர் எந்த ஆய்வாளரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தைப் பார்வை என்று அழைப்பதா, மதிப்பீடு என்று அழைப்பதா என்பதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதான்.

அந்த 1995 ஆய்விலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. சரிவை வாயால் சொல்லும்போது மிகைப்படுத்தியவர்கள், கண்ணால் பார்க்காமல் ஒரு பலகையை உள்ளங்கையால் சாய்த்து அதே சரிவைக் காட்டச் சொன்னபோது ஏறக்குறையச் சரியாகக் காட்டினார்கள். இதற்கு என்ன பொருள் என்பதிலும் வாதம் உண்டு. இருந்தாலும் உங்களை ஒன்று கேட்கிறேன். படி உயரமாகத் தெரிகிறது என்கிறீர்கள். காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைக்கிறீர்களா, அல்லது படியில் இடித்துக்கொள்கிறீர்களா? இரண்டும் இல்லையென்றால் காலை வழிநடத்தும் பார்வை நன்றாக வேலை செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. கால் தட்டுகிறது, படி தவறுகிறது என்றால் கண்ணாடியையும் பாதத்தையும் மறுபடி கவனியுங்கள்.

இனி சிகிச்சை. இதில் ஒரு சுழல் இருக்கிறது. படி மிரட்டுகிறது என்று மாடிக்குப் போவதை நிறுத்துகிறீர்கள்; தொடைத் தசை மெலிகிறது; மெலிந்த காலுக்குப் படி இன்னும் உயரமாகிறது. பல வீடுகளில் பெற்றோரின் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டு, "நீங்கள் ஏற வேண்டாம்" என்று அன்போடு சொல்வதில்தான் இது தொடங்குகிறது. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு வாரங்களுக்கு அது சரி. அதற்கு மேல் நீடித்தால் அந்த அன்பே காலை முடக்கிவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். அது பழகிய பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். தொடக்கத்தில் உயரமான நாற்காலி, பிறகு சற்றுத் தாழ்ந்தது. அடுத்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியின் முதல் படியில் மட்டும் ஏறி இறங்குங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஊன்றுகோல் வைத்துக்கொள்வதென்றால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், உங்களுக்கு வலது கையில். வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து நடப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து திருத்தினால் இன்னும் நல்லது. உடல் எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது.

தனியாகப் போகாமல் தோழி ஒருவரோடு பால் பூத்துக்கு நடங்கள். நண்பர் அருகில் நிற்கும்போது குன்றின் செங்குத்து சற்றுக் குறைவாகத் தெரிகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. அதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சுத்துணை இருந்தால் இரண்டு தெரு கூடுதலாக நடப்பீர்கள், எனக்கு அது போதும்.

பழனிக்கு இந்த மாதம் வேண்டாம். வீட்டு மாடியில் ஒரே மூச்சில் இரண்டு முறை ஏறி இறங்கி, மறுநாள் முழங்கால் வீங்காமல் இருந்தால் திட்டமிடுங்கள். அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் இதயத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே மூச்சிரைப்பாக மட்டும் இதய நோய் வெளிப்படலாம். மலையேற யானைப்பாதையைத் தேர்ந்தெடுங்கள், ஏற்றம் மெதுவாக இருக்கும். வெயிலுக்கு முன் புறப்பட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். இறங்குவதற்கு விஞ்ச். படி ஏறும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் முழங்காலில் சுமை விழுகிறது. இறங்கும்போது அதைவிடவும் கூடுதல். நீங்கள் வேண்டிக்கொண்டது ஏறி வருவதாகத்தானே? இறங்குவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வந்த மாற்றத்துக்கு மட்டுமே பொருந்தும். திடீரென்று அறையே சாய்ந்ததுபோல் தெரிந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், தட்டில் ஒரு பக்கச் சோற்றை மட்டும் உண்டு மறுபக்கத்தைக் கவனிக்காமலே எழுந்தால், ஒரே பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொண்டால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தை வீட்டில் உள்ளவர்கள் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லட்டும்.