ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஆனால் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்குக் கல்லீரல் புற்றுநோய் வருமா?

ரத்ததானம் செய்யப்போன இடத்தில் தெரியவந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் பிரசவத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கிருமியோடுதான் வாழ்கிறேன்.

புற்றுநோய் வந்தே தீரும் என்றில்லை. ஆனால் அபாயம் மெய்யானது. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் வெளியான ஆய்வில், கிருமி உள்ளவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

தொந்தரவு இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். நோய் முற்றும்வரை கல்லீரல் பெரும்பாலும் வலியே காட்டாது. கல்லீரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஹெபடைடிஸ் சி, பொதுவாகக் கல்லீரலைச் சுருங்க வைத்த பிறகே புற்றுக்கு வழிவிடும். இன்று சில மாத மாத்திரையில் அதைப் பெரும்பாலும் ஒழித்தும் விடலாம். பி வகை அப்படியல்ல. அது தன் மரபுப்பொருளை நம் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சொருகிவிடுகிறது. அதனால் சுருக்கம் இல்லாதவருக்கும் புற்று வரலாம். கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, கிருமியின் அளவைச் சோதித்து, மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்பதையும் அவரே சொல்வார். நான் தவறாமல் எடுக்கிறேன். மாத்திரை தொடங்கினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மதுவைத் தொடவே வேண்டாம்.

கீழாநெல்லி போதும் என்று உறவினர்கள் சொல்வார்கள். 1988இல் சென்னையில் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடும். என் மகளுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசியும், கிருமியை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள், அவளுக்குத் தொற்றவில்லை. தைவான் 1984இல் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. புற்றுநோயை ஊசியால் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உங்கள் அம்மா, உடன்பிறந்தவர்கள், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, தனித்தட்டு வைக்க வேண்டாம். சவர பிளேடும் பல்துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும்.