தொட்டிக் கண்ணாடியில் பாசி: கேள்விகளும் பதில்களும்

மீன் தொட்டி பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி பாசியைப் பற்றியவை. பதிலை வாசிக்க முதல் ஒரு வேலை: கண்ணாடியை விரலால் ஒருதரம் தேய்த்துப் பாருங்கள். என்ன நிறம், வழுக்குகிறதா, சுரசுரக்கிறதா, விரலோடு வருகிறதா? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

கிளிநொச்சி: அண்ணை, இரண்டடித் தொட்டி, கப்பி மீன். முந்தநாள் துடைச்ச கண்ணாடி இண்டைக்குத் திரும்பப் பச்சை. என்ன செய்யலாம்?

துடைக்கும்போது தண்ணீர் பச்சையாகக் கலங்கி, ஓரிரு நாளில் திரும்பவும் மெல்லிய பச்சைத் தூள் படிகிறதென்றால் அது தூள் பாசி. இதன் வித்துகள் நீந்தும் தம்பி. நீங்கள் துடைக்கத் துடைக்க அவை தண்ணீரில் இறங்கிச் சுற்றி, மறுபடி கண்ணாடியிலேயே வந்து ஒட்டும். அதனால் மூன்று, நான்கு கிழமை கைவைக்காமல் விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்களும் கேட்பார்கள். நன்றாகத் தடித்த பிறகு ஒரே நாளில் சுரண்டி, உதிர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள். பல தொட்டிகளில் இதோடு அடங்கிவிடும். எல்லாவற்றிலும் அடங்கும் என்று சொல்லமாட்டேன்.

மாங்குளம்: நான் லைட் போடுறதே இரவில் மட்டும்தான். பிறகு ஏன் பாசி வருது?

தொட்டி எங்கே இருக்கிறது அக்கா? மேற்குப் பக்க யன்னல் என்றால் பின்னேர வெயில் சாய்ந்து நேரே தொட்டிக்குள் விழும். எங்கள் ஊர் வெயிலுக்கு முன்னால் கடையில் வாங்கின லைட் ஒன்றுமே இல்லை. தொட்டியை உள்சுவருக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு தூக்க வேண்டாம், அடிக்கண்ணாடி வெடித்துவிடும். மாற்ற இடமில்லையென்றால் யன்னல் பக்கக் கண்ணாடியில் வெளியால் கறுப்பு மட்டை ஒட்டுங்கள். லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணித்தியாலம் போதும். செடி இல்லாத தொட்டிக்கு அதுவும் தேவையில்லை, நாம் மீன் பார்க்கிற நேரத்துக்கு எரிந்தால் சரி. டைமர் பூட்டியவர்களுக்கு ஒரு விஷயம்: சுழலும் வகை டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். பிறகு நேரம் பிந்தி, நடுச்சாமத்தில் லைட் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

புதுக்குடியிருப்பு: எங்கட கிணறு வயலோரம். தண்ணி மாத்தினால் பாசி குறையும் எண்டு சொல்லுகினம். எங்களுக்குக் கூடுது.

இருக்கலாம். வயலுக்குப் போடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கும். அது பயிருக்கு என்ன செய்கிறதோ அதையேதான் பாசிக்கும் செய்யும். சந்தேகமென்றால் உள்ளே இருப்பது தெரிகிற, நிறமில்லாத இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் வயலுக்குத் தூரமான ஒரு வீட்டுத் தண்ணீர். இரண்டிலும் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு கரண்டி விட்டு, ஒரு கிழமை வெளிச்சத்தில் வையுங்கள். எது முந்திப் பச்சையாகிறது என்று பார்த்தால் ஓரளவு விளங்கும்.

கிணறுதான் காரணம் என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதில் பலனில்லை. மாரியில் ஓட்டுக் கூரையில் முதல் மழை கழுவிப்போன பிறகு பிடித்த தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். தனி மழைத் தண்ணீர் வேண்டாம். கப்பிக்கும் மொலி மீனுக்கும் கொஞ்சம் சுண்ணாம்புத் தன்மை தேவை. மணிபிளான்ட் கொடி ஒன்றின் வேர் மட்டும் தண்ணீருக்குள் தொங்கட்டும், இலை வெளியே. பாசி தின்ன வேண்டியதை அந்த வேர் இழுத்துக்கொள்ளும். காசில்லாத வைத்தியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அதோடு சாப்பாட்டையும் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காத தீன் எல்லாம் பாசிக்குப் போடும் பசளைதான். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் தீன் போத்தலை உயரத்தில் வையுங்கள்.

வவுனியா: வயலில் பாசிக்குப் போடுற துரிசு வீட்டில் இருக்கு. துளி போடலாமா?

வேண்டாம். துரிசில் இருப்பது செம்பு. பாசி சாகும், நத்தையும் இறாலும் அதோடு சாகும், அளவு கொஞ்சம் தப்பினால் மீனும் சாகும். செத்த பாசி அழுகித் தண்ணீரில் உள்ள ஒட்சிசனையும் இழுக்கும். வயலில் ஏக்கர் கணக்கில் பரவுகிற மருந்தை 56 லீற்றர் பிடிக்கிற இரண்டடித் தொட்டிக்குத் துளியாக அளக்க நம்மிடம் தராசும் இல்லை.

ஒட்டுசுட்டான்: புதுத் தொட்டி, மண்ணிறமாகப் படியுது.

விரல் பட்டதும் வந்துவிடுகிறதா? அது புதுத் தொட்டிகளில் வரும் மண்ணிறப் பாசி. துடைத்துவிடுங்கள், ஓரிரு மாதத்தில் தானாகக் குறையும். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் என்றால் இரும்புக் கறையாகவும் இருக்கலாம். வாளியின் உட்பக்கத்திலும் அதே நிறம் இருந்தால் அதுதான்.

முழங்காவில்: தண்ணி மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அதுவும் பாசியா?

இல்லை, கேத்தலுக்குள் படிகிற அதே சுண்ணாம்பு. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, துணியில் வினாகிரி நனைத்து ஊறவிட்டுத் துடைக்கலாம். சவுக்காரம் மட்டும் வேண்டாம்.

நெடுங்கேணி: டாங்க் கிளீனர் மீன் ஒன்று விட்டால் எல்லாத்தையும் தின்னுமாம், உண்மையா?

குட்டியாக இருக்கும்போது தின்னும். வளர்ந்தால் ஒரு அடி தாண்டும், பாசியை விட்டுவிட்டு மற்ற மீனின் தீனுக்கு வரும், தின்றதற்குக் குறையாமல் கழிவும் போடும். பிறகு இடம் காணாதென்று ஆட்கள் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டு மீன், இலங்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. அதன் முள்ளுச் செட்டை வலையில் சிக்கினால் வலையைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் வலை போட்டுப் பிழைக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். பாசி கொறிக்க இரண்டு மொலி போதும்.

பரந்தன்: பச்சைப் பொட்டுப் பொட்டாக, துணியால் அசையவே மாட்டேன் என்குது. எதால சுரண்டுறது?

புது ஷேவிங் பிளேட். கண்ணாடியில் நன்றாகச் சாய்த்து வைத்து, மணலுக்கு ஒரு விரல் மேலேயிருந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். பிளேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் அகப்பட்டாலும் கீறல் விழும், அது பிறகு போகாது. மூலையில் சிலிக்கன் இருக்கும் இடத்துக்குப் பிளேட்டைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே பழைய வங்கி அட்டையின் விளிம்பு போதும். பிளாஸ்ரிக் தொட்டி என்றால் முழுக்க அட்டைதான். பின்பக்கக் கண்ணாடியை நான் சுரண்டுவதே இல்லை, மொலிக்கு விட்டுவிடுவேன்.