கரண்ட் பில், கேஸ், மளிகை: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

போன வாரம் "வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதினேன், கேள்விகள் மலைபோல் வந்துவிட்டன. மின்வாரியத்தில் கணக்கீட்டுப் பிரிவில் 27 வருடம் இருந்தவன் நான். மீட்டரில் தொடங்கி அடுப்பு வரைக்கும் தெம்பாகச் சொல்வேன். மளிகைக் கணக்கு என் மனைவியுடையது, அவள் சொல்வதை எழுதிக்கொடுக்கிறேன். ஷேர், காப்பீடு, தங்கம் எல்லாம் எனக்குத் தெரியாது, கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

சார், ரெண்டு மாதம் முன்பு 1,800 சொச்சம் வந்த பில் இந்த முறை 2,100. ஏசி இல்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. மீட்டர் தப்பா ஓடுகிறதா? (தாம்பரம்)

மீட்டர் மேல் பழி போடுவதற்கு முன் அட்டையை எடுத்து யூனிட்டைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்காதீர்கள். போன முறை 500-க்கு ஒட்டி இருந்திருக்கும், இந்த முறை 505, 508 என்று தாண்டியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நம் ஊரில் ரெண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501-வது யூனிட் ஓடினதும் என்ன ஆகிறது என்றால், அந்த 2.35 சலுகை பறிபோய், 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும், தாண்டிய யூனிட் 8.40. கூட்டினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். ஒரு துணி சுமையை இஸ்திரி போட்டால் ஓடுகிற யூனிட் அது.

அதனால் கணக்கெடுத்த தேதியிலிருந்து 45-வது நாள் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். போன கணக்கின் எண்ணைக் கழித்து 375-க்கு மேல் வந்தால் மீதி 15 நாள் ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் கொஞ்சம் கட்டிப் போடலாம்.

பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் போட்டது) மாற்றினால் பாதி பில் குறையும் என்கிறார்களே? (சேலம்)

பாதி பில் குறையாது, ஃபேன் இழுப்பது பாதிக்கும் கீழே குறையும். ரெண்டும் ஒன்றில்லை. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் ரெண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். இப்போது முக்கியமான கேள்வி, உங்கள் கடைசி யூனிட் என்ன விலைக்கு ஓடுகிறது? 350-ல் நிற்பவருக்கு அந்த 43 யூனிட் 202 ரூபாய். 580-ல் நிற்பவருக்கு 361. ரெண்டு மாதத்துக்கே மொத்தம் 90 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு? பூஜ்யம். இலவசமாக வருவதை மிச்சம் பிடிக்க 3,000 ரூபாய் கொடுத்து ஃபேன் வாங்குவீர்களா?

ஹால் ஃபேன், படுக்கையறை ஃபேன் ரெண்டை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேன் பழையதே இருக்கட்டும். தயவுசெய்து தவணைக்கு வாங்காதீர்கள்.

பிளக்கில் சொருகினால் பில் 30 சதவீதம் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? (நெல்லை)

வேண்டாம். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்இடி பல்பும் இருக்கும். தொழிற்சாலைக்குப் பவர் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு, அதைச் சரிசெய்யக் கெப்பாசிட்டர் போடுவார்கள், அங்கே அதற்குப் பலன் இருக்கிறது. வீட்டு மீட்டர் உண்மையில் செலவான யூனிட்டைத்தான் எண்ணுகிறது, அதில் இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. அந்த பல்பு எரிகிற கரண்ட் வேறு உங்கள் கணக்கில்.

போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் எவ்வளவு மிச்சம்? (காரைக்குடி)

ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல கேள்வி, ஏனென்றால் சும்மா இருப்பதுபோல் இருந்து தின்கிறவை வேறு.

ஒரு நாள் ராத்திரி என் வீட்டில் ஒரு வேலை செய்தேன். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டார்ச்சோடு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும், பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சடித்திருக்கும். என்னுடையதில் 3200. எல்லாம் அணைந்திருக்க, அது 45 விநாடிக்கு ஒரு தரம் மின்னியது. 1125-ஐ விநாடியால் வகுத்தால் வாட் வரும் (3200 போட்ட மீட்டருக்கு). 25 வாட். மனைவி வாசலில் நின்று "பேயா ஓட்டுது?" என்றாள். செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, இந்த மூன்றும்தான். 25 வாட் என்பது ரெண்டு மாதத்தில் 36 யூனிட். வைஃபையை விட்டுவிட்டு மற்ற ரெண்டையும் படுக்கப் போகும்போது சுவரிலேயே அணைக்கிறோம், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஃபேன் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் குறையுமா? (திண்டுக்கல்)

எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் குறையும். பழைய பெரிய டப்பா ரெகுலேட்டர் என்றால் மிச்சத்தை அது சூடாகித் தின்றுவிடும், மாற்றிவிடுங்கள்.

ஃபிரிட்ஜை ராத்திரி அணைக்கலாமா? (கடலூர்)

கூடாது. காலையில் திரும்பக் குளிரவைக்க அதே கரண்ட் இழுக்கும், பால் வேறு கெடும்.

அண்ணா, இந்த கரண்ட் மிச்சம் பிடிக்கிற பெட்டி நிஜமா வேலை செய்யுமா? (ஓசூர்)

மேலே நெல்லைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

கடை மாவு வாங்குவது லாபமா, வீட்டில் அரைப்பதா? கிரைண்டர் கரண்ட் இழுக்குமே. (மயிலாடுதுறை)

இது மனைவியின் கணக்கு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து. முக்கால் கிலோ சொச்சம் அரிசியும் 200 கிராம் உளுந்தும் போட்டால் எங்கள் வீட்டில் ரெண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கிறது, செலவு 70 ரூபாய்க்குள். தெருமுனைக் கடையில் கிலோ 45 சொல்கிறார்கள். 200 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரேஷன் புழுங்கல் அரிசி நன்றாக இருக்கும் மாதத்தில் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

கூடவே ஒன்று: ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. "யார் வரிசையில் நிற்பது" என்று விட்டுவிட்டுக் கடையில் நாலு மடங்கு, அதற்கும் மேல் கொடுக்கிறவர்கள்தான் என்னிடம் ஃபேன் பற்றி விசாரிக்கிறார்கள். காய்கறிக்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கியது, இப்போது பல ஊரில் இருக்கிறது. பொறுக்கி எடுக்க வேண்டுமானால் விடியற்காலை போங்கள், விலைதான் முக்கியம் என்றால் சந்தை கலையும் நேரம். பெண்கள் போனால் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது.

மாதா மாதம் நகைச்சீட்டு கட்டுவது சேமிப்புதானே? (கும்பகோணம்)

என் துறை இல்லை அம்மா. செய்கூலி, சேதாரம் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள், அவ்வளவுதான் தெரியும்.

வீட்டுக்காரர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்திருக்கிறார். மாமியார் "கேஸ்தான் சிக்கனம்" என்கிறார். யார் சொல்வது சரி? நாங்கள் மூன்று பேர், ஒரு சிலிண்டர் ரெண்டு மாதம் வரும், மீட்டர் 400 காட்டும். (கோவை)

வாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன். சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அடுப்பில் எரிவதில் நாற்பது சதவீதம் பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்யச் சுமார் 125 யூனிட் பிடிக்கும். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே. உங்களுக்கு 400-க்கு மேல் 100 யூனிட் 630, அடுத்த 25 யூனிட் 210. மொத்தம் 840. 28 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரர் கட்சி ஜெயித்தது, மயிரிழையில்.

சார், நீங்களே சொன்ன 500 கணக்கை நீங்களே மறந்துவிட்டீர்கள். 525 யூனிட்டுக்கு பில் 2,250. 400-க்கு 1,175. வித்தியாசம் 1,075. மாமியார்தான் ஜெயித்தார். (திருச்சி)

சரி, பிடித்துவிட்டீர்கள். 27 வருடம் அட்டை எழுதியவன் சலுகை போவதை விட்டுவிட்டேன். 28 ரூபாய் மிச்சம் இல்லை, 206 ரூபாய் நஷ்டம். கோவை அம்மா, மாமியாரிடம் தோற்றதாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் இண்டக்‌ஷனே தண்டமா? எங்கள் வீட்டில் 300 யூனிட்தான் வரும். (ஈரோடு)

உங்களுக்கு லாபம். 300-லிருந்து 425-க்குப் போனால் கூடுதல் 627 ரூபாய் 50 காசு, சிலிண்டரைவிட 240 ரூபாய் குறைவு. 620 ஓடுகிற வீட்டில், 600 தாண்டினால் விகிதம் இன்னும் ஏறுவதால், அதே 125 யூனிட் 1,181 ரூபாய். அடுப்பு அதே அடுப்பு, சாம்பார் அதே சாம்பார், மீட்டர் எங்கே நிற்கிறது என்பதுதான் வேறு. இதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு எதையும் வாங்காதீர்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

இண்டக்‌ஷனுக்குப் பாத்திரம் புதிதாக வாங்க வேண்டுமே, அதை ஏன் யாரும் சேர்ப்பதில்லை? அலுமினிய குக்கர், ஈயச் சொம்பு எல்லாவற்றையும் பரணில் போடுவதா? (நாகர்கோவில்)

நியாயம். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் சூடாகும். ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களில் ஒட்டிப் பாருங்கள், ஒரு குக்கரும் ஒரு பால் பாத்திரமும் தேறினால் போதும். புது செட் வாங்கினால் மிச்சம் போச்சு. ஈயச் சொம்பு ரசத்துக்கு கேஸ்தான், அதில் பேரம் கிடையாது.

கோவையிலிருந்து மறுபடியும் நான்தான். மாமியார் படித்துவிட்டு "பார்த்தாயா" என்கிறார். வாங்கின அடுப்பை என்ன செய்வது?

காலையில் பால், வெந்நீர், ஒரு குக்கர் மட்டும் அதில் வையுங்கள். ரெண்டு மாதத்துக்கு 90 யூனிட்டுக்குள் நிறுத்துங்கள், 490-ல் நிற்கும். அந்த 90 யூனிட் 567 ரூபாய், மிச்சமாகிற கேஸ் சுமார் 625 ரூபாய்க்கு. அறுபது ரூபாய் லாபம். அறுபது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று என் மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும். ரெண்டு கட்சிக்கும் பாதி வெற்றி.

விறகு அடுப்பில் சமைத்தால் ரெண்டுமே மிச்சம். (தேனி)

விறகு இலவசமாகக் கிடைத்து, ஊதவும் ஆள் இருந்தால். கண்ணும் நெஞ்சும் போனால் அது எந்தக் கணக்கில் வரும்?

சோலார் போடலாமா? பில் 180 யூனிட்தான். (விருதுநகர்)

உங்களுக்கு 188 ரூபாய் பில் வரும். அதைக் குறைக்க லட்சக்கணக்கில் போடப் போகிறீர்களா? 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு, அது 700, 800 யூனிட் ஓடுகிற ஏசி வீடுகளுக்கு யோசிக்க வேண்டிய விஷயம். கடன் வாங்கிப் போடுவதானால் முதலில் வட்டியைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பவர் சேவர் பெட்டி 499-க்கு ஆஃபரில் போட்டிருக்கிறான், ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்… (பெயர், ஊர் இல்லை)

மூன்றும் சேர்த்து எதுவும் செய்யாது. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

சார், நீங்கள் சொன்ன சிவப்பு விளக்கு சோதனை செய்தேன். எல்லாம் அணைத்தும் 9 விநாடிக்கு ஒரு தரம் மின்னுகிறது. மீட்டரில் 3200 என்றுதான் இருக்கிறது. (தாம்பரம், முதல் கேள்வி கேட்டவன்)

அப்படியா! 125 வாட். இது டிவி, செட்டாப் பாக்ஸ் சமாச்சாரம் இல்லை. ரெண்டு மாதத்துக்கு 180 யூனிட், உங்கள் 500 தாண்டலே இதனால்தான் இருக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கலாம், அதையும் அணைத்துப் பாருங்கள். பிறகு மெயினைக் கீழே இறக்குங்கள். இறக்கியும் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ லைன் எடுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டர் கோளாறு, செக்‌ஷன் ஆபீஸில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மெயின் இறக்கினதும் நின்றுவிட்டால் கோளாறு வீட்டுக்குள். எல்லா எம்சிபியையும் (மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் சின்ன ஸ்விட்சுகள்) இறக்கிவிட்டு மெயினை ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றி, எதில் திரும்ப மின்னத் தொடங்குகிறது என்று பாருங்கள். மாடிப்படி விளக்கு, பக்கத்துப் போர்ஷன் வயர் இப்படி ஏதாவது உங்கள் லைனில் தொங்கும். வயரைத் தொடாதீர்கள், எர்த் கசிவாகவும் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எது என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், எனக்கே தூக்கம் வராது.