கேள்வி–பதில்: 28 விதிகள் எழுதிய ராபர்ட் ரோஜர்ஸ்

? என் மகன் என்.சி.சி.யில் இருக்கிறான். 'ரோஜர்ஸ் ரேஞ்சர்ஸ் கட்டளைகள்' என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறான். யார் இந்த ரோஜர்ஸ்?
– வாசகி, ஆதம்பாக்கம்

ராபர்ட் ரோஜர்ஸ் 1731-ல் மாசசூசெட்ஸின் மெத்தூயெனில் பிறந்தவர், நியூ ஹாம்ப்ஷயரின் எல்லைக்காட்டில் வளர்ந்தவர். 1755-ல் கள்ளநோட்டு வழக்கில் சிக்கினார். படைக்கு ஆள் திரட்டிக் கொடுத்ததால் தப்பினார். வட அமெரிக்காவில் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே ரேஞ்சர்கள் எனப்படும் காட்டுப்போர் வீரர்களின் தனிக் கம்பெனிக்குத் தலைவர்! சிவப்புச் சட்டையில் அணிவகுத்துப் போரிடும் பிரிட்டிஷ் படைக்குக் காடு பிடிபடவில்லை. பிரெஞ்சுக்காரரின் கரியோன் கோட்டை (இன்றைய டைக்கண்டரோகா) வரை போய் வேவு பார்ப்பது, கைதி பிடித்து வருவது எல்லாம் ரேஞ்சர்களின் வேலை.

மகன் கையில் இருக்கும் தாளை ஒருமுறை பாருங்கள். 'எதையும் மறக்காதே' என்று தொடங்கி 19 கட்டளைகள் இருந்தால் அது ரோஜர்ஸ் எழுதியது அல்ல; 1937-ல் வெளியான ஓர் அமெரிக்க நாவலில் வரும் பாத்திரத்தின் பேச்சு. அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் கையேடே அதை அச்சிட்டதால் அசலாகிவிட்டது. உண்மையானவை 28. ஹட்சன் ஆற்றில் எட்வர்ட் கோட்டையை ஒட்டிய தீவில், பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்காக 1757-ல் எழுதினார். 1765-ல் லண்டனில் அச்சான அவருடைய குறிப்பேட்டில் அவை உள்ளன. வாக்கியங்கள் நீளம், மனப்பாடத்துக்கு ஒத்துவராது.

? அந்த 28-ல் அப்படி என்னதான் இருக்கிறது? இன்றைய முகாம்களுக்குப் பயன்படுமா?
– வாசகர், தாம்பரம்

பயன்படும், காரணத்தோடு படித்தால். முதல் விதிப்படி, மாலை வருகைப் பதிவுக்கு வருபவரிடம் துப்பாக்கி, 60 முறை சுடத் தேவையான வெடிமருந்தும் குண்டும், ஒரு கைக்கோடரி இருக்க வேண்டும். இரவில் திடீரென்று கிளம்பச் சொன்னால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா?

சிறு படையென்றால் ஒற்றை வரிசை. ஒரே குண்டு இருவரைத் துளைக்காத அளவு இடைவெளி. முன்னாலும் இரு பக்கங்களிலும் 20 கஜம் தள்ளி ஆட்கள். சதுப்பு நிலம் வந்தால் வரிசையைக் கலைத்து, எல்லோரும் பக்கவாட்டில் பரவி நடக்க வேண்டும். ஒருவர் மிதித்த இடத்தையே பத்துப் பேர் மிதித்தால் எதிரிக்குப் பாதை போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். நன்றாக இருட்டிய பிறகே தங்க வேண்டும், அப்போதும் பாதிப் பேர் விழித்திருக்க வேண்டும்.

காவல் விதிதான் இருப்பதில் நுட்பமானது. ஒரு காவலுக்கு 6 பேர், எந்நேரமும் இருவர் விழிப்பில். விடியும்வரை முகாமிலிருந்து மாற்று ஆள் போகக் கூடாது, அந்த நடமாட்டமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமாக ஏதாவது கேட்டால் கத்தக் கூடாது. ஒருவர் சத்தமில்லாமல் பின்வாங்கித் தலைவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் முகாமில் 9 மணி நேர இரவு என்றால் ஜோடிக்கு 3 மணி நேரக் காவல்; தாராளமாகச் செய்யலாம். விடியலின் முதல் வெளிச்சத்தில் எல்லோரையும் எழுப்பிவிட வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் வரும் நேரம் அது.

ஐந்தாம் விதி: போன வழியில் திரும்பாதே. இதற்கு விலை கொடுத்தவர் ரோஜர்ஸே. 1757 ஜனவரி 21 அன்று கரியோன் அருகே பனிச்சறுக்கு வண்டிகளை மறித்துச் சிலரைப் பிடித்தார். தப்பியவர்கள் கோட்டைக்குச் சேதி சொல்லிவிட்டார்கள். மழையில் துப்பாக்கிகள் நனைந்திருந்தன. ஈர மருந்தில் தீப்பொறி பற்றாது. எனவே முந்தைய இரவு தங்கிய இடத்துக்கே போய், நெருப்பில் உலர்த்திக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பினார்கள். வழியில் பதுங்கியிருந்தது எதிரிப்படை. சுமார் 74 பேருடன் போன ரோஜர்ஸ் இரண்டு காயங்களோடு திரும்பினார். விதி எழுதப்பட்டது அதற்குப் பிறகுதான்.

எழுதியபின் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1758 மார்ச் 13 அன்று எதிரியின் முன்னணியையே முழுப் படை என்று எண்ணித் துரத்தி, பின்னால் வந்த பெரும்படையிடம் மாட்டிக்கொண்டார். சுமார் 180 பேரில் 120-க்கும் மேல் இழப்பு. ஆக, இந்த விதிகளை வெற்றியின் சூத்திரமாகப் படிப்பதைவிட, விபத்து அறிக்கைகளாகப் படிப்பதே நல்லது.

? செயின்ட் பிரான்சிஸ் தாக்குதல் அவருடைய பெரிய சாதனை என்கிறார்களே?
– வாசகர், பெரம்பூர்

அது அவர் தரப்புக் கணக்கு. 1759 அக்டோபர் 4 விடியலில், அபெனாக்கி பூர்வகுடியினரின் ஊரான செயின்ட் பிரான்சிஸை (இன்றைய கியூபெக்கின் ஓடனாக்) 142 பேருடன் எரித்தார். 200 பேரைக் கொன்றதாக எழுதினார். பிரெஞ்சுக் கணக்கில் சுமார் 30 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். முந்தைய இரவே எச்சரிக்கை கிடைத்துப் பலர் ஒளிந்துகொண்டதாக அபெனாக்கி வாய்மொழி மரபு சொல்கிறது. சாதனை என்ற சொல்லுக்கு இதில் இடம் குறைவு.

திரும்பும்போது நடந்தது தனிப் பாடம். மிசிஸ்குவாய் விரிகுடாவில் மறைத்துவைத்த படகுகளை எதிரி முன்பே கண்டுபிடித்துவிட்டதால், கனெக்டிகட் ஆற்றுப் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. உணவுக்காகச் சிறு கூட்டங்களாகப் பிரிந்தார்கள். சில கூட்டங்கள் பிடிபட்டன. குறித்த இடத்தில் உணவோடு காத்திருக்க வேண்டிய அதிகாரி, இவர்கள் வருமுன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பட்டினியில் பலர் இறந்தார்கள். ரோஜர்ஸ் தெப்பம் கட்டி ஆற்றோடு போய் உதவி அனுப்பினார்.

? அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஏன் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்?
– வாசகி, மயிலாப்பூர்

கடனும் ஒரு காரணம். ரேஞ்சர்களுக்காகக் கைப்பணம் போட்டதை அரசு முழுதாகத் திருப்பித் தரவில்லை. லண்டனில் கடன்காரர் சிறையிலும் இருந்தார். 1768-ல் தேசத்துரோக வழக்கில் விடுதலையானவர் என்பதும் சேர்ந்துகொண்டது. பணியில் இல்லாதபோதும் பிரிட்டிஷ் அரசிடம் பாதிச் சம்பளம் வாங்கும் அதிகாரியை அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன் நம்பவில்லை. 1776-ல் கைது செய்தார். தப்பி ஓடிய ரோஜர்ஸ் பிரிட்டனுக்காகக் குயின்ஸ் ரேஞ்சர்ஸ் படையைத் திரட்டினார். அமெரிக்க உளவாளி நேதன் ஹேலைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்தவர் இவரே என்று அக்காலக் கடைக்காரர் ஒருவரின் கையெழுத்துப் பிரதி கூறுகிறது. 1795-ல் லண்டனில் இறந்தார்.

? இவருக்கும் சென்னைக்கும் ஏதாவது தொடர்பு?
– வாசகர், ராயபுரம்

அவர் இங்கே வந்ததில்லை. போர் மட்டும் ஒன்றுதான்: பிரிட்டனும் பிரான்சும் அங்கேயும் இங்கேயும் மோதிய ஏழாண்டுப் போர். லாலி தலைமையில் பிரெஞ்சுப்படை 1758 டிசம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டு, ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் 1759 பிப்ரவரியில் பின்வாங்கியது. செயின்ட் பிரான்சிஸ் எரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். வந்தவாசிப் போர் 1760 ஜனவரியில். கனடாவைப் பிரிட்டனுக்குக் கொடுத்த 1763 பாரிஸ் உடன்படிக்கைதான் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது.